மூலத்தோப்பு வீட்டில் கசிந்த கரண்ட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. ஒயர் இழுக்கத்தான் தெரியும். இது போன மார்கழியில் என் கண் முன்னால் நடந்தது. என் மீட்டர் காட்டிய எண்களைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த மீட்டர் இன்னமும் என்னிடம் இருக்கிறது. அதில் எந்தக் கோளாறும் இல்லை.

என் பெயர் மன்சூர். திருச்சி பாலக்கரையில் வீடு. ஷார்ஜாவில் ஒரு கட்டிடக் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது வீட்டு ஒயரிங், பழுது பார்ப்பதுதான் தொழில். கபர்ஸ்தான் என்கிற எங்கள் இடுகாட்டுக்குப் பக்கத்திலேயே ராத்திரி தனியாக வேலை பார்த்திருக்கிறேன். பயந்ததே கிடையாது.

ஸ்ரீரங்கம் மூலத்தோப்பிலிருந்து முரளிதரன் என்பவர் போன் செய்தார். கைலாசபுரம் பக்கம் தொழிற்சாலையில் வேலை. மனைவி சௌமியா ஸ்ரீரங்கத்திலேயே ஒரு பள்ளியில் டீச்சர். ஒரு வயதுக் குழந்தை. ஐப்பசியில்தான் அந்த வீட்டின் கீழ்த்தளத்துக்குக் குடி வந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் மாடியில் தனியாக இருக்கிறார்.

"பாய், தினமும் விடிகாலைல டிரிப்பர் விழுந்துடுது. தூக்கி விட்டா திரும்ப விழுது. அரை மணி நேரத்துக்கு நிக்கவே மாட்டேங்குது. குழந்தைக்கு வீசிங். அந்த நேரத்துலதான் மூச்சு இழுக்கும். நெபுலைசர் வைக்க முடியல பாய்."

டிரிப்பர் என்பது கசிவைக் கண்டுபிடிக்கும் சுவிட்ச். வீட்டுக்குள் போகும் கரண்ட் அப்படியே திரும்பி வர வேண்டும். கொஞ்சம் வழி தவறிச் சுவர் வழியாகவோ, ஈரத் தரை வழியாகவோ, ஆள் வழியாகவோ பூமிக்குப் போனால் உடனே கரண்டைத் துண்டித்துவிடும். உயிர் காக்கிற சாமான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு லைனாகக் கழற்றிச் சோதித்தேன். ஒயர் எல்லாம் சுத்தமாக இருந்தது. துளிக் கசிவு கிடையாது. பாத்ரூமுக்குப் போகிற லைன் மட்டும் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. அங்கே இருந்த பிளக் பாயின்ட்டை யாரோ பிடுங்கிவிட்டு, சிமென்ட் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். ஒயர் சுவருக்குள் போய் அப்படியே முடிந்துவிடுகிறது. அதில் ஒரு பல்புகூட இல்லை. பாத்ரூம் விளக்குக்கு வேறு லைன்.

"ஒண்ணும் தப்பு தெரியல சார். விழுற நேரத்துல நான் இங்க இருக்கணும்" என்றேன்.

"பேசாம டிரிப்பரைக் கழட்டிட்டு நேரா கொடுத்துடுங்களேன் பாய்."

"குழந்தை தவழுற வீடு சார். அதை மட்டும் கேக்காதீங்க."

மறுநாள் நாலரை மணிக்கெல்லாம் போய்விட்டேன். நல்ல பனி. தெருவில் யாரோ வாசல் தெளிக்கும் சத்தம். கோவில் பக்கமிருந்து மைக்கில் ஏதோ பாட்டு லேசாகக் கேட்டது. ஹாலில் சுவிட்ச் போர்டைத் திறந்து ஒவ்வொரு லைனிலும் க்ளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். இடுக்கி மாதிரி ஒயரைக் கவ்வும். உள்ளே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும்.

ஃப்ரிட்ஜ் லைனில் கொஞ்சம் கரண்ட். ஃபேன் லைனில் கொஞ்சம். பாத்ரூம் லைனில் பூஜ்யம். அது அப்படித்தானே இருக்க வேண்டும்.

நாலே முக்கால் இருக்கும்.

பூஜ்யம் ஆறரை ஆனது.

நான் மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். ஆறரை ஆம்பியர். வோல்ட் பார்த்தேன். இருநூற்று முப்பது. எங்கள் தொழிலில் இந்த இரண்டு எண் போதும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் எத்தனை வாட் இழுக்கிறது என்று வரும். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் எத்தனை ஓம் ரெசிஸ்டன்ஸ் என்று வரும். அதை வைத்து, கண்ணில் பார்க்காமலேயே எது ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

பெருக்கினேன். ஆயிரத்து ஐந்நூறு வாட். வகுத்தேன். முப்பத்தைந்து ஓம்.

பக்கெட்டில் போட்டு வெந்நீர் வைக்கிற ஹீட்டர் ராடு. சந்தேகமே இல்லை.

"சார், பாத்ரூம்ல ஹீட்டர் போட்டிருக்கீங்களா?"

"ஹீட்டரே இல்ல பாய். கேஸ்லதான் வெந்நீர்."

எழுந்து போய்ப் பாத்ரூம் கதவைத் தள்ளினேன். சுவரில் வெறும் டைல்ஸ். கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட், நிறையத் தண்ணீர். வேறு எதுவும் இல்லை. ஆனால் சத்தம் கேட்டது. ராடு சூடாகும்போது தண்ணீர் ஒரு மாதிரி இரையுமே... அந்தச் சத்தம். ஸ்ஸ்ஸ்... என்று.

நான் உள்ளே காலை வைக்கவில்லை. அங்கேயே நின்றேன். இரைச்சல் நிற்கவே இல்லை. அதன் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

ஐந்து மணி தாண்டி ஐந்து நிமிஷம்.

டக்.

டிரிப்பர் விழுந்தது. வீடு இருண்டது. உள்ளே குழந்தை இருமத் தொடங்கியது.

டார்ச்சை அடித்துக்கொண்டு பக்கெட்டில் விரல் நுனியை வைத்தேன்.

வெந்நீர். குளிக்கிற பதம்.

சௌமியா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றார். கணவருக்குக் கேட்காத குரலில் சொன்னார். "ராத்திரி பக்கெட்டை நான் கவிழ்த்து வெச்சுட்டுத்தான் படுக்கிறேன் பாய். காலைல பாத்தா நிமிர்ந்து இருக்கும். தண்ணி நிறைஞ்சு இருக்கும். இவர்கிட்ட சொன்னா சிரிப்பாரு. அதான் சொல்லல."

நான் போர்டை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து ஹாஜிராவிடம் சொன்னேன். என் மனைவி. "அந்த வேலையே வேணாங்க, விட்டுடுங்க" என்றாள். விட முடியவில்லை. மூச்சுக்குத் திணறுகிற குழந்தை கண்ணிலேயே நின்றது. கசிவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் எதுவும் செய்ய முடியும். ஆனால் டிரிப்பர் கண் சிமிட்டும் நேரத்தில் விழுந்துவிடுகிறது. அளக்க விடுவதில்லை.

அதனால் அடுத்த நாள் விடியும் முன்பே போய், அந்த மூன்று பேரையும் தெருக்கோடியில் முரளிதரனின் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில் யாரும் இல்லாமல், நான் மட்டும் ரப்பர் விரிப்பில் நின்றுகொண்டு, அந்த ஒரு லைனை மட்டும் டிரிப்பரைச் சுற்றி நேராகக் கொடுத்தேன். மற்ற எல்லாம் ஆஃப். இந்த முறை போகிற ஒயர், வருகிற ஒயர் இரண்டையும் சேர்த்து மீட்டரால் கவ்வினேன். போனது முழுக்கத் திரும்பி வந்தால் பூஜ்யம் காட்டும். காட்டுகிற எண் எதுவோ, அதுதான் கசிவு.

பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு நின்றேன்.

நாலே முக்காலுக்கு இரைச்சல் ஆரம்பித்தது. மீட்டரில் பூஜ்யம். ராடு கரண்ட் ஒழுங்காகப் போய்த் திரும்புகிறது. கசிவு இல்லை.

ஐந்து மணி. பூஜ்யம்.

பாத்ரூம் பக்கம் ஏதோ நடமாட்டம். ஈரத் தரையில் கால் வைக்கிற சத்தம்... சளக்... சளக்...

கண்ணாடி வளையல் குலுங்கியது.

பக்கெட் பிடி லேசாகத் தட்டியது. யாரோ தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கையை விட்டுப் பார்க்கிற மாதிரி.

ஐந்து மணி ஐந்து நிமிஷம்.

மீட்டர் மாறியது.

0.2.

மனசு பழக்கத்தில் கணக்குப் போட்டது. இருநூற்று முப்பது பெருக்கல் பூஜ்யம் புள்ளி இரண்டு. நாற்பத்தாறு வாட். நாற்பத்தாறு வாட்டில் பாத்ரூம் சாமான் எதுவும் கிடையாது. வகுத்தேன்.

ஆயிரத்து நூற்றைம்பது ஓம்.

அந்த எண்... எங்கேயோ பார்த்த மாதிரி...

ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்த அன்று பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். போர்டில் ஒரு மனிதப் படம் வரைந்து பக்கத்தில் எழுதினார்கள். ஈரமாக இருக்கும்போது மனித உடம்பின் ரெசிஸ்டன்ஸ், ஏறக்குறைய ஆயிரம் ஓம்.

இது ஒயர் இல்லை. சுவர் இல்லை.

இது ஆள்.

யாரோ ஒருவர் வழியாகக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது. அந்தப் பாத்ரூமில்.

பேய் என்று அப்போது தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். ஒருத்தர் உள்ளே மாட்டிக்கொண்டு துடிக்கிறார் என்றுதான் தோன்றியது. கை மெயின் சுவிட்சுக்குப் போனது.

போவதற்குள்...

0.4.

கசிவு இரண்டு மடங்கு.

மெயினை இழுத்து அணைத்தேன்.

இருட்டு.

இரைச்சல் நின்றது.

தொப்.

ஏதோ விழுந்தது.

பிறகு...

தொப்.

நான் ஓடினேன். டார்ச்சை உள்ளே அடித்தேன்.

யாருமில்லை.

ஈரத் தரை. சாய்ந்த பக்கெட். பரவிக்கொண்டிருந்த வெந்நீரிலிருந்து ஆவி எழுந்தது.

என் பின்னால் ஒரு மூச்சு.

கத்திவிட்டேன். திரும்பினால் வீட்டுக்காரர். மாத்ருபூதம் ஐயா. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கையில் இரண்டு பால் பாக்கெட். பனிக்கு மப்ளர் சுற்றியிருந்தார். பாத்ரூமைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார்.

"ஆஃப் பண்ணிட்டீங்களா தம்பி?"

"பண்ணிட்டேன் ஐயா."

"எவ்வளவு நேரத்துல?"

"உடனேதான் ஐயா. ரெண்டு மூணு செகண்ட் இருக்கும்."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பால் பாக்கெட் மடியில் விழுந்தது.

"வீட்டுல இருந்திருந்தா நானும் உடனே பண்ணியிருப்பேன்."

குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அந்த அழுகைக்கு முன்னால் என் பயம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் மனைவி சித்ராதேவி. மூன்று வருஷம் முன்னால், இவர்கள் கீழ்த்தளத்தில் குடியிருந்தபோது, இதே மார்கழி, இதே நேரம். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டிருந்தார். சூடு பார்க்கக் கையை விட்டார். ராடில் கசிவு. அப்போது வீட்டில் டிரிப்பர் இல்லை. இவர் பால் வாங்கப் போயிருந்தார்.

"டிரிப்பரெல்லாம் அப்புறம்தான் வெச்சேன் தம்பி. எல்லாம் முடிஞ்சப்புறம்."

"தினமும் இது நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

"மேலேர்ந்து கேக்கும். வளையல் சத்தம் கேக்கும். தாங்க முடியாம இந்த நேரத்துக்குப் பாலுக்குக் கிளம்பிடுவேன். வீட்டுல ஆளுங்க பொழங்குனா நின்னுடும்னு நினைச்சுத்தான் வாடகைக்கு விட்டேன். கைக்குழந்தை இருக்கிற குடும்பமா பாத்து விட்டேன். நிக்கல."

நான் செய்ய வேண்டிய வேலை தெளிவாகத் தெரிந்தது. அந்த லைனைப் போர்டிலேயே வெட்டிவிட வேண்டும். எந்த எலக்ட்ரீஷியனும் அதைத்தான் செய்வான். கட்டரை எடுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதை வெட்டாதீங்க தம்பி."

"ஐயா, குழந்தைக்கு மூச்சுத் திணறுது..."

"தெரியும். தப்புதான். ஆனா அந்தச் சத்தம் ஒண்ணுதான் எனக்கு மிச்சம் இருக்கு. கேக்கவும் முடியல. கேக்காம இருக்கவும் முடியாது. வெட்டிடாதீங்க."

கட்டர் என் கையிலேயே இருந்தது. வெளியே வெளுக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு பக்கம் குழந்தை. ஒரு பக்கம் இந்த மனிதர்.

கடைசியில் இப்படிச் செய்தேன். கடை திறந்ததும் புதிதாக ஒரு டிரிப்பர் வாங்கி வந்து பாத்ரூம் லைனுக்கு மட்டும் தனியாகப் போட்டேன். வீட்டின் மற்ற பகுதியோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. அந்த லைன் தினமும் விழட்டும். குழந்தையின் அறையில் கரண்ட் நிற்காது. முரளிதரனிடம் எதையும் மறைக்கவில்லை. முழுக்கச் சொன்னேன். நம்பாமல் சிரிக்கப் பார்த்தார். பிறகு சௌமியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பொங்கல் முடிந்ததும் கே.கே. நகருக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த 0.4.

ஒரே மாதிரி இரண்டு பல்பைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் கரண்ட் இரண்டு மடங்கு ஆகும். ரெசிஸ்டன்ஸ் பாதியாகும். ஆயிரத்து நூற்றைம்பதில் பாதி, ஐந்நூற்று எழுபத்தைந்து. அன்று அப்படித்தான் ஆனது. எந்தக் கணக்கு போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. பெரியவரிடம் போய்க் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

சித்திரையில் அதே தெருவில் எதிர்வீட்டுக்கு ஒரு மோட்டார் வேலைக்காகப் போனேன். அங்கே பங்கஜவல்லி என்று ஓர் அம்மா இருக்கிறார். மோர் கொடுத்தார். நான் எதிர்வீட்டையே பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"நீங்கதானே அங்க கரண்ட் வேலை பாத்தது?"

"ஆமாம்மா. சித்ராதேவி அம்மா விஷயம் ஐயா சொன்னாரு."

"பொண்ணைப் பத்திச் சொன்னாரா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"சொல்ல மாட்டாரு. அந்தப் பேரை வாயில எடுத்தே மூணு வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு. மட்டுவார்குழலி. குழலி குழலின்னு கூப்பிடுவாங்க. மெட்ராஸ்ல வேலை. ஆறு மாசமா லீவு கிடைக்காம அன்னைக்குத்தான் ரயில்ல வந்து இறங்கினா. ராத்திரி முழுக்கப் பிரயாணம் பண்ணி வர்ற பிள்ளை வந்ததும் குளிக்கட்டும்னுதான் சித்ரா வெந்நீர் போட்டா. காபிக்குப் புதுப் பால் வேணும்னு இவர் கிளம்பிப் போனாரு."

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்தது எனக்கே தெரியவில்லை.

"அம்மா துடிக்கிறதைப் பாத்துட்டு ஓடிப் போய்ப் பிடிச்சிருக்கா. கரண்டுன்னு அவளுக்குத் தோணவே இல்ல. நாங்க போனப்ப ரெண்டு பேர் கையையும் பிரிக்க முடியல தம்பி. சேத்தேதான் தூக்கினோம்."

அந்த அம்மா வெயிலில் காய்ந்து கிடந்த தன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்ப இங்கதான் கோலம் போட்டுக்கிட்டு இருந்தேன். 'அம்மா'ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. ஒரே ஒரு தடவைதான். அவ குரல்னு தெரிஞ்சுது. ஊர்லேர்ந்து வந்தவ ஆசையாக் கூப்பிடுறான்னு நினைச்சுக்கிட்டேன்... சிரிச்சுக்கிட்டே மிச்சக் கோலத்தையும் போட்டு முடிச்சேன் தம்பி."